வாட்சில் பாட்டு ஏற்றுவது ஏன் இவ்வளவு இழுபறி?

ஸ்மார்ட்வாட்ச் விளம்பரத்தில் 16 ஜிபி, 32 ஜிபி என்று பார்த்ததுமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்துக்கொள்ளலாம், போனை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடப் போகலாம், காதில் இயர்பட், மணிக்கட்டில் வாட்ச், அவ்வளவுதான். ஆசை நியாயமானதுதான். ஓடுகிறவர்களுக்குப் போன் பெரிய தொந்தரவு, பாக்கெட்டில் போட்டால் துள்ளும், கையில் பிடித்தால் வியர்வையில் வழுக்கும். ஆனால் பாட்டை ஏற்ற உட்கார்ந்தால் அரை மணி நேரம் கழித்தும் மூன்றாவது பாட்டிலேயே நிற்கிறது, நடுவில் காரணம் சொல்லாமல் அறுந்துபோகிறது, ஏறிய பாட்டிலும் பாதிக்குப் பெயர் இல்லை. பலர் அதோடு கைவிட்டுவிட்டு மறுபடியும் போனையே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் அதில் உங்கள் தப்பு பெரும்பாலும் எதுவும் இருக்காது. வாட்சில் இடம் போதவில்லை என்பதும் இன்றைக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பாட்டு எந்த வழியாக உள்ளே போகிறது, அந்த வழி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது, இந்த இரண்டில்தான் முக்கால்வாசிச் சிக்கல். இது புரிந்துவிட்டால் எங்கே பொறுமை வேண்டும், எங்கே மாற்று வழி உண்டு, எந்த வாட்சை வாங்கவே கூடாது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

ரிமோட்டா, ப்ளேயரா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்றம் தொடங்குவதே இங்கேதான். பல வாட்சுகளில் ‘மியூசிக்’ என்று ஒரு ஐகான் இருக்கும். தொட்டால் பாட்டின் பெயர் தெரியும், நிறுத்தலாம், அடுத்த பாட்டுக்குத் தாவலாம், ஒலியைக் கூட்டலாம். பாட்டு வாட்சுக்குள் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் பாட்டு போனில் ஓடிக்கொண்டிருக்கிறது, வாட்ச் அதற்கு ரிமோட் மட்டும். விலை குறைந்த வாட்சுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். விவரப் பட்டியலில் ‘மியூசிக் கன்ட்ரோல்’ என்று மட்டும் இருந்து ‘மியூசிக் ஸ்டோரேஜ்’ என்று எங்கேயும் இல்லையென்றால் இதுதான் விஷயம்.

‘ப்ளூடூத் காலிங்’ உள்ள வாட்சுகளில் சின்ன ஸ்பீக்கர் இருக்கும். போனில் ஓடும் பாட்டை அதில் கேட்க முடியும். அப்போதும் பாட்டு போனில்தான் இருக்கிறது, போனைப் பொறுத்தவரை வாட்ச் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

நமக்கு வேண்டியது மூன்றாவது ரகம்: பாட்டு ஃபைலை வைத்துக்கொள்ள உள்ளே இடம், அந்த ஃபைலைத் திறந்து ஒலியாக்கும் மென்பொருள், இயர்பட்டோடு நேரடியாக இணையும் ப்ளூடூத், மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் வாட்ச் எந்த ரகம் என்று தெரிய, அதன் செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஹெட்போனைத் தேடி இணைக்கும் வசதி இருந்தால் வாட்ச் தானாகவே பாடும். போனோடு இணைவது மட்டும்தான் உண்டு என்றால் எத்தனை ஆப் போட்டாலும் பயனில்லை.

சிம் வசதியுள்ள வாட்சில் எதையும் ஏற்றாமல் நேரடியாக இணையத்திலிருந்தே கேட்கலாமே என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் மொபைல் சிக்னல், ப்ளூடூத் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது பேட்டரி கண் முன்னாலேயே இறங்கும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய வசதி அது.

எத்தனை பாட்டு பிடிக்கும்?

2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்சில் மொத்தம் 8 ஜிபி, அதில் பாட்டுக்கு 2 ஜிபிதான் ஒதுக்கியிருந்தார்கள். 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்சில் 4 ஜிபி என்று சொன்னாலும் சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக நம் கைக்கு வந்தது சுமார் 1.5 ஜிபி. இன்றைக்கு 16, 32, 64 ஜிபி வரை வந்துவிட்டது. எல்லா வாட்சிலும் இயங்குதளமும் ஆப்களும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விளம்பரத்து எண்ணை அப்படியே நம்பாமல் செட்டிங்ஸில் காலி இடம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

பாட்டு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அதன் பிட்ரேட்டைப் பொறுத்தது. பிட்ரேட் என்றால் ஒரு வினாடி ஒலிக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்ற அளவு. வினாடிக்கு 128 கிலோபிட்டில் இருக்கும் நாலு நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 4 மெகாபைட். அதே பாட்டு 320 கிலோபிட்டில் சுமார் 10 மெகாபைட். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் 25, 30 மெகாபைட் வரை போகும். முதல் கணக்கை எடுத்துக்கொண்டால் ஒரு ஜிபியில் 250 பாட்டு, அந்தப் பழைய 1.5 ஜிபி வாட்சிலேயே 375 பாட்டு பிடிக்கும். தினசரி ஓட்டத்துக்கு இது தாராளம்.

சரி, இடம் இருக்கிறதே, ஃப்ளாக்கிலேயே போட்டால் என்ன என்று தரம் விரும்பிகள் கேட்பார்கள். எனக்கும் நல்ல ஒலி பிடிக்கும். ஆனால் வாட்சிலிருந்து காதுக்குப் பாட்டு போவது ப்ளூடூத் வழியாக. வாட்ச் ஃபைலைத் திறந்து, ஒலியை மறுபடியும் ஒருமுறை சுருக்கித்தான் இயர்பட்டுக்கு அனுப்புகிறது. எல்லா ப்ளூடூத் ஹெட்போனும் கட்டாயம் ஏற்றுக்கொள்ளும் எஸ்பிசி என்ற சுருக்குமுறை, நல்ல தரத்தில் வைத்தாலும் வினாடிக்கு 328 கிலோபிட்தான். வியர்க்க விறுவிறுக்க ஓடும்போது, வண்டிச் சத்தமும் காற்றுச் சத்தமும் காதில் விழும்போது, 30 மெகாபைட் ஃபைலுக்கும் நல்ல 160 கிலோபிட் ஃபைலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் ஏற்றும் நேரத்தில் வித்தியாசம் பல மடங்கு. கார்மின் மாதிரிச் சில வாட்சுகள் ஃப்ளாக்கைப் பாடுவதே இல்லை என்பது தனி. அதனால் வாட்சுக்கென்று எம்பி3 அல்லது ஏஏசி வடிவில், 128-க்கும் 192 கிலோபிட்டுக்கும் நடுவில், ஒரு தனிப் பிரதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் விஎல்சி போன்ற இலவச ப்ளேயரே இந்த மாற்றத்தைச் செய்துவிடும். மூல ஃபைல் கணினியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

பாட்டு உள்ளே போகும் பாதை

இனிதான் உண்மையான கஷ்டம். போனும் வாட்சும் நாள் முழுக்கத் தொடர்பில் இருப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது ப்ளூடூத் லோ எனர்ஜி என்ற வகை. 2010-இல் ப்ளூடூத் 4.0-வோடு வந்தது. பெயரிலேயே இருக்கிற மாதிரி, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதற்காகவே செய்தது. ‘மெசேஜ் வந்திருக்கிறது’, ‘இதயத்துடிப்பு 84’ மாதிரியான துணுக்குத் தகவல்களை அனுப்ப அது அருமையான வழி. பாட்டு ஃபைல் அனுப்புவதற்காக உருவானது கிடையாது. அதன் அடிப்படை வேகம் வினாடிக்கு 1 மெகாபிட், அதாவது வினாடிக்கு 125 கிலோபைட். அதுவும் காகிதத்தில் உள்ள உச்சம். ஒவ்வொரு துண்டுத் தகவலோடும் போகும் தலைப்பு, வந்து சேர்ந்தது என்ற பதில், இரண்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. 2016-இல் வந்த ப்ளூடூத் 5-இல் வேகத்தை இரட்டிப்பாக்கும் வழி உண்டு, ஆனால் போன், வாட்ச் இரண்டும் அதை ஆதரித்தால்தான் பலன்.

தாராளமாக வினாடிக்கு 100 கிலோபைட் என்றே வைத்துக்கொள்வோம். நாலு மெகாபைட் பாட்டு ஒன்றுக்கு 40 வினாடி. இருநூறு பாட்டு என்றால் 800 மெகாபைட், அது ஏற 2 மணி நேரத்துக்கு மேல். அதே இருநூறு பாட்டை 320 கிலோபிட்டில் ஏற்றினால் 5 மணி நேரத்தைத் தாண்டும். இதில் ஒருமுறைகூட இணைப்பு அறுந்துபோகாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. சில வாட்சுகள் ஃபைல் அனுப்பும்போது மட்டும் வேகமான பழைய ப்ளூடூத்துக்கு மாறிக்கொள்ளும், அவற்றில் நிலைமை கொஞ்சம் தேவலை.

ஏன் அறுந்துபோகிறது? பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போனின் இயங்குதளம் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் ஏற்ற ஆரம்பித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவீர்கள், திரை அணையும், கொஞ்ச நேரத்தில் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்த ஆப்பையும் போன் உறங்க வைத்துவிடும். வாட்ச் அந்தப் பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். சில ஆப்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும், சில மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், மனசு வெறுத்துப்போவது இந்த இரண்டாவது வகையில்தான். போனின் செட்டிங்ஸில் வாட்சுக்கான ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது ஒரு நல்ல தடுப்பு. ஏற்றி முடிக்கும் வரை அந்த ஆப்பைத் திரையில் திறந்தே வைத்திருப்பது அதைவிட நம்பகமானது.

வாட்சின் பக்கமும் இதே கதைதான். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-இன் சின்ன அளவில் இருந்த பேட்டரி 247 மில்லியாம்பியர் மணி. இன்றைய சாதாரணப் போனில் 5000 இருக்கிறது, இருபதில் ஒரு பங்குதான் வாட்சுக்கு. மணிக்கணக்கில் ரேடியோவை ஓட்டி, வந்ததை நினைவகத்தில் எழுதிக்கொண்டும் இருந்தால் அந்தப் பேட்டரி தாங்காது. அதனால்தான் ஆப்பிள் தன் உதவிப் பக்கங்களில் பாட்டு ஏற்றும்போது வாட்சைச் சார்ஜரில் வைத்துப் போனைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது. எந்த நிறுவனத்து வாட்சாக இருந்தாலும் இதைப் பின்பற்றுங்கள்: சார்ஜரில் வாட்ச், பக்கத்திலேயே போன், இரண்டும் நகராமல் இருக்க வேண்டும்.

வைஃபை இருந்தால் விஷயமே மாறிவிடும். வாட்சின் சின்ன ஆன்டெனாவில் வினாடிக்கு 2 மெகாபைட் கிடைத்தால்கூட அந்த 800 மெகாபைட் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். பலரும் கவனிக்காத சிக்கல் என்னவென்றால், போன் பக்கத்தில் இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வாட்ச் பெரும்பாலும் வைஃபையை விட்டுவிட்டு ப்ளூடூத்தையே பிடித்துக்கொள்ளும். வைஃபை சின்னத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்போம், பாட்டு ஆமை வேகத்தில்தான் போகும். ஸ்ட்ரீமிங் ஆப்பிலிருந்து நேரடியாக வாட்சுக்கு இறக்கும்போது, போனின் செட்டிங்ஸுக்குள் போய் ப்ளூடூத்தைச் சிறிது நேரம் அணைத்து வையுங்கள். பாட்டு போனிலிருந்து வராமல் இணையத்திலிருந்து வருவதால் வாட்ச் வேறு வழியில்லாமல் வைஃபைக்குத் தாவும். ஆப்பிள் வாட்சிலும், கூகுளின் வியர் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் வாட்சிலும் இது வேலை செய்யும். ஐபோனில் மேலிருந்து இழுக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் அணைத்தால் போதாது, அது வாட்சுக்கான இணைப்பை விட்டுவைக்கும். செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும்.

இன்னொன்று, பல வாட்சுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் அந்தப் பெயரே வாட்சின் பட்டியலில் வராது. பிரவுசரில் உள்நுழையச் சொல்லும் பொது வைஃபையிலும் வாட்ச் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கேபிள் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான். 2010-இல் ஆப்பிள் வெளியிட்ட ஆறாவது தலைமுறை ஐபாட் நானோ ஒரு சின்னச் சதுரம், தொடுதிரை, 8 அல்லது 16 ஜிபி. பலர் அதற்குப் பட்டை வாங்கி மாட்டிக் கையில் கட்டிக்கொண்டார்கள். கேபிளைச் செருகினால் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான பாட்டு ஏறிவிடும். அதன் பிறகு இத்தனை ஆண்டில் எல்லாம் முன்னேறியது, இந்த ஒரு காரியம் மட்டும் பின்னே போய்விட்டது. காரணம் இல்லாமல் இல்லை, தண்ணீர் புகாமல் இருக்க வேண்டுமென்றால் துளைகள் கூடாது, அதனால் பெரும்பாலான வாட்சுகளில் சார்ஜருக்குக்கூடச் செருகும் துளை கிடையாது, முதுகை ஒட்டி வைப்பதுதான். ஆனால் கார்மினின் மியூசிக் வாட்சுகள் இதைச் சமாளித்திருக்கின்றன. சார்ஜ் செய்யும் அதே கேபிளைக் கணினியில் செருகினால் வாட்ச் ஒரு டிரைவ் மாதிரித் திறக்கும், ‘மியூசிக்’ ஃபோல்டரில் ஃபைல்களை இழுத்துப் போட்டால் போதும். வின்டோஸில் இது நேராக வேலை செய்யும். புதிய மாடல்கள் எம்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையைப் பயன்படுத்துவதாலும் மேக் கணினிக்கு அது தானாகப் புரியாததாலும் அங்கே மட்டும் தனி மென்பொருள் வேண்டும். சொந்தமாக ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

பாட்டு யாருடையது?

இப்போது பலரிடம் பாட்டு ஃபைலே இல்லை, சந்தாதான் இருக்கிறது. போனில் ‘டவுன்லோட்’ அழுத்தி வைத்த பாட்டெல்லாம் போனில்தானே இருக்கிறது, அதை வாட்சுக்கு நகலெடுத்தால் என்ன என்று கேட்டால், முடியாது. அந்த ஃபைல்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை, அந்த ஆப்பும் அந்தக் கணக்கும் இருந்தால்தான் திறக்கும். ஆகவே உங்கள் வாட்சுக்கென்று அந்த நிறுவனம் தனி ஆப் செய்திருக்க வேண்டும், அந்த ஆப்பில் இணையம் இல்லாமல் கேட்கும் வசதியும் இருக்க வேண்டும். இது நம் கையில் இல்லை. ஸ்பாட்டிஃபை ஆப் ஆப்பிள் வாட்சுக்கு வந்தது 2018 நவம்பரில், அதில் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி வந்ததோ 2021 மே மாதத்தில். நடுவில் இரண்டரை ஆண்டு, வாட்சில் காலி இடம் இருந்தும் பாட்டை அதில் வைக்க வழி இல்லை.

அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது, கொடுத்த வசதியைத் திரும்ப எடுத்துக்கொள்வது. கூகுள் 2020-இல் தன் பாட்டுச் சேவையான ப்ளே மியூசிக்கை மூடியபோது வியர் ஓஎஸ் வாட்சுகளில் இருந்த அதன் ஆப்பும் போனது. மாற்றாக வர வேண்டிய யூடியூப் மியூசிக் வாட்சுக்கு வந்தது 2021 ஆகஸ்டில், அதுவும் முதலில் புது வாட்சுக்குத்தான். ஃபிட்பிட்டின் அயானிக், வெர்சா வாட்சுகளில் கணினியிலிருந்து சொந்தப் பாட்டை ஏற்றலாம் என்பது வாங்கத் தூண்டிய ஒரு பெரிய காரணமாக இருந்தது. 2022 அக்டோபரில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். வாட்ச் நன்றாக ஓடுகிறது, இடம் இருக்கிறது, கையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஃபைலும் இருக்கிறது, உள்ளே போக மட்டும் வழி இல்லை. இதை எந்த வாடிக்கையாளரும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சந்தாப் பாட்டில் தவணையும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டு நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும், சந்தா நடப்பில் இருக்கிறதா என்று ஆப் சரிபார்க்கும். போன் தினமும் இணையத்தில்தான் இருக்கிறது என்பதால் அங்கே இது நமக்குத் தெரிவதே இல்லை. வாட்ச் அப்படி இல்லை, ஓடும்போது மட்டும் பாட்டுக்காக எடுப்போம், ஒரு மாதம் மழையில் ஓடாமல் இருந்துவிட்டால் திரும்ப வரும் நாளில் பாட்டு சாம்பல் நிறத்தில் கிடக்கும். நீண்ட ஓட்டத்துக்கோ பயணத்துக்கோ போகும் முந்தின நாள் வாட்சை வைஃபையில் இணைத்து ஆப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெயரில்லாத பாட்டுகள்

ஏறிய பாட்டு ‘டிராக் 07’ என்றும் ‘தெரியாத கலைஞர்’ என்றும் வருவதற்குக் காரணம், வாட்ச் பெரும்பாலும் ஃபைலின் பெயரைப் பார்ப்பதில்லை, ஃபைலுக்குள் எழுதியிருக்கும் டேக் என்ற விவரத்தைத்தான் பார்க்கிறது. பாட்டுப் பெயர், பாடியவர், ஆல்பம், வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருளில் நூறு பாட்டின் டேக்கை ஒரே நேரத்தில் திருத்தலாம். தமிழ்ப் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: டேக் பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது, அல்லது வாட்சில் தமிழ் எழுத்துரு இல்லை. முதலாவதை யூனிகோடாக மாற்றிச் சேமித்தால் சரியாகும். இரண்டாவதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, வாட்சுக்கான பிரதியில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுவிடுவதுதான் வழி. தமிழ்ப் பாட்டின் பெயரைத் தமிழில் காட்ட முடியாத வாட்சைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

டேக்கைத் திறந்திருக்கும்போதே அட்டைப்படத்தின் அளவையும் பாருங்கள். சில ஃபைல்களில் 3000-க்கு 3000 புள்ளி அளவுள்ள படம் உள்ளே இருக்கும், 4 மெகாபைட் பாட்டோடு இன்னொரு 3 மெகாபைட் படம். ஒரு ரூபாய் அளவுத் திரையில் காட்ட 300-க்கு 300 போதும். குறைத்துவிட்டால் ஏறும் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும்.

ஏறிவிட்டது, ஆனால் விட்டு விட்டுக் கேட்கிறது

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். இடது மணிக்கட்டில் வாட்ச், சிக்னலை வாங்கும் முக்கியப் பகுதி வலது காதில் என்றால், அலை உடம்பைக் கடந்தோ சுற்றியோதான் போக வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கைகொடுக்கும், அதனால் வீட்டில் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியாது. திறந்த மைதானத்தில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை, கை வீசும் ஒவ்வொரு முறையும் பாட்டு வெட்டி வெட்டிக் கேட்கும். இயர்பட் பழுது என்று மாற்றுவதற்கு முன்னால் வாட்சை மற்றக் கையில் கட்டிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட புகார்கள் என்று எண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் நண்பர்களுக்குச் சொன்ன இடத்தில் அடிக்கடி பலித்தது இதுதான். சில இயர்பட்களில் ஒரு காதை மட்டும் போட்டால் அதுவே நேரடியாக சிக்னலை வாங்கும், அதையும் முயன்று பார்க்கலாம்.

பேட்டரி விஷயத்தில் ஒரே ஒரு உதாரணம். கார்மின் ஃபோர்ரன்னர் 245 மியூசிக் வாட்சுக்கு அந்த நிறுவனமே சொன்ன கணக்கு, ஜிபிஎஸ் மட்டும் ஓடினால் 24 மணி நேரம், ஜிபிஎஸ்ஸோடு பாட்டும் ஓடினால் 6 மணி நேரம். பாட்டு நாலில் மூன்று பங்கைத் தின்றுவிடுகிறது. பழைய வாட்சில் பேட்டரி தேய்ந்திருந்தால் மாரத்தான் தூரத்துக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஜிபி எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் உங்களிடம் பாட்டு எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தா என்றால், அதே சேவை அந்த வாட்சில் இணையம் இல்லாமல் பாடுகிறதா என்று அந்தச் சேவையின் உதவிப் பக்கத்தில் படியுங்கள், வாட்ச் விளம்பரத்தில் போட்டிருக்கும் லோகோவை மட்டும் நம்பாதீர்கள். சொந்த ஃபைல் என்றால் கேபிள் வழி உள்ள வாட்சைத் தேடுங்கள். ஏற்கெனவே வாட்ச் வாங்கிவிட்டவர்கள், முழு லைப்ரரியையும் ஏற்றும் ஆசையை விட்டுவிட்டு முப்பது நாற்பது பாட்டில் ஒரு ப்ளேலிஸ்ட் போடுங்கள். முதல் தடவை மட்டும் படுக்கப் போகும்முன் சார்ஜரில் வைத்து ஏற்றிவிடுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை சலித்துப்போன நாலைந்தை எடுத்துவிட்டுப் புதிதாக நாலைந்தைச் சேர்த்தால், ப்ளூடூத்திலேயே கூட ஐந்து நிமிடத்துக்குள் ஏறிவிடும்.